ஹல்லில் இருந்து வந்த பிறீசர்

1. தண்ணீர் ஏறும் ஊர்

கனடாவில், ரொறன்ரோவை ஒட்டிய மிசிசாகாவில் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ஒஃபிஸில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒரு வெள்ளைக்காரப் பெண் தொலைபேசியில் என்னைப் பிடித்துத் திட்டினாள். இங்கிலாந்தின் வடக்கே ஹல் என்ற துறைமுக நகரில் இருந்து எடுத்திருந்தாள். நீங்கள் அனுப்பிய லொறிகள் எல்லாம் கப்பல்துறை டொக் வாசலில் நிற்கின்றன, சாரதிகள் சத்தம் போடுகிறார்கள், கப்பலோ இன்னும் உள்ளே வரவில்லை என்றாள். ஹல் இங்கிலாந்தின் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத் தெரியாது. கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு முதலாளியின் அறைக்குப் போனேன்.

முதலாளி சிவம் அண்ணை. விமானச் சரக்கில் பழம் தின்று கொட்டை போட்டவர். கப்பல் சரக்கை அப்போதுதான் தொடங்கியிருந்தார். எங்கள் வேலையைச் சுருக்கமாகச் சொன்னால், இங்கே ஒருவர் வெளிநாட்டில் வாங்கும் சாமானை அங்கே கப்பலில் ஏற்றி, இங்கே சுங்கம் முடித்து, அவருடைய வாசலில் கொண்டுவந்து இறக்குவது.

"கப்பல் ஏன் உள்ளுக்கு வரேல்லை எண்டு கேளும்" என்றார்.

"கேட்டனான் அண்ணை. தண்ணி ஏறேல்லையாம். ஏறினால்தான் வருமாம்."

"தண்ணி ஏறுறதோ? ஏன், அங்கை மழை இல்லையோ?"

சிரிக்க வேண்டாம். ஒன்ராறியோ ஏரியைப் பார்த்துக்கொண்டு வாழ்கிறவர்களுக்கு இப்படித்தான் யோசிக்க வரும். எங்கள் ஏரித் தண்ணீர் காலையில் இருந்த இடத்தில்தான் மாலையிலும் இருக்கும். ஹல்லில் ஹம்பர் ஆறு கடலோடு சேரும் இடத்தில் தண்ணீர் நாளுக்கு இரண்டு தடவை மாடிவீட்டு உயரத்துக்கு ஏறி, இரண்டு தடவை சேறு தெரிய இறங்கும். டொக்குக்குக் கதவு உண்டு. எங்கள் சாமான் ஏறும் கப்பல்கள் தண்ணீர் ஏறியிருக்கும் நேரத்தில் அந்தக் கதவால் உள்ளே வந்து, அடுத்த ஏற்றத்தில் வெளியே போகும். அந்த நேரமும் ஒவ்வொரு நாளும் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே போகும். சிவம் அண்ணையோ வாரம் முழுவதற்கும் லொறிகளைப் பின்னேரம் இரண்டு மணிக்கு வரச் சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்தார். மணிக்கூட்டை நம்பி ஹல்லுக்கு லொறி அனுப்புவது ரொறன்ரோக்காரர் மட்டுமே விடக்கூடிய பிழை.

அன்றைக்குத் தொடங்கி ஹல் மேசை என்னுடையதாயிற்று. ரொறன்ரோவிலும் ஒரு ஹம்பர் ஆறு ஓடுகிறது. அதில் வாத்துகள்தான் ஏறி இறங்கும். ஹல்லின் ஹம்பர் எப்போது ஏறும் என்பதை என் மேசைக்கு மேலே சுவரில் ஒட்டிவைத்து வேலை பார்த்தேன். ஒஃபிஸுக்குப் புதிதாக வந்த பிள்ளைகள் என்னை ஜெசி அன்ரி என்று கூப்பிடுவதை விட்டு, ஹல் அன்ரி என்று கூப்பிடத் தொடங்கினார்கள். எனக்கு அது பிடித்தே இருந்தது.

2. திருப்பிப் பார்க்காத பெட்டி

சில வருடங்களுக்கு முன் பரமேஸ்வரி அக்கா எங்களிடம் வந்தார். ரொறன்ரோவின் அஜின்கோர்ட்டில் அவருக்கு ஒரு சமையற்கூடம். மரக்கறி ரோல்ஸ், இடியப்பம், பிட்டு எல்லாம் உறையவைத்துப் பெட்டியில் அடைத்துத் தமிழ்க் கடைகளுக்குக் கொடுப்பார். மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் அவருடைய வாசல் தாண்டாது. முட்டையும் மச்சம்தான். அங்கே வேலை செய்யும் பெண்கள் மதியச் சாப்பாட்டில் முட்டைப் பொரியல் கொண்டுவந்தால் காருக்குள் இருந்து சாப்பிட்டுவிட்டு, கை வாய் கழுவிக்கொண்டுதான் உள்ளே வரலாம். பனிக்காலத்திலும் அதே சட்டம்தான்.

அந்தப் பிடிவாதத்தில்தான் அவருடைய வியாபாரம் நின்றது. கந்தசஷ்டி விரதக்காரர், கோயில் அன்னதானக்காரர், கலியாண வீட்டுக்காரர் எல்லோரும் அவருடைய பெட்டியைத் திருப்பி, உள்ளே என்ன போட்டிருக்கிறது என்று வாசித்துப் பார்க்க மாட்டார்கள். அவருடைய பெயரைப் பார்த்து எடுத்துக்கொண்டு போவார்கள். நான் கத்தோலிக்கக்காரி, வெள்ளிக்கிழமையில் மீன் தேடுகிறவள். எனக்கே அந்த மரியாதையைப் பார்க்க ஆசையாக இருக்கும்.

எல்லாவற்றையும் உறையவைக்கும் அவருடைய பிறீசர் அந்த வருடம் ஓயாமல் நோய்ப்பட்டது. அதே நேரம் ஒரு பெரிய சுப்பர்மார்க்கெட் தீபாவளிக்குத் தங்கள் கடைகள் எல்லாவற்றிலும் அவருடைய ரோல்ஸை வைக்கக் கேட்டது. பழைய பிறீசரை நம்பி அதற்கு ஓம் என்று சொல்ல ஏலாது. மகன் கஜன் இணையத்தில் தேடி ஒன்று பிடித்தான். ஸ்பைரல் பிறீசர் என்பார்கள். ஒரு அறை அளவு இரும்புப் பெட்டி. உள்ளே பெல்ட் சுற்றிச் சுற்றி மேலே ஏறும். கீழே சூடாகப் போகும் ரோல்ஸ் மேலே கல்லாக வெளியே வரும். ஹல்லில் மூடப்பட்ட ஒரு உணவுத் தொழிற்சாலையில் பாவித்த பிறீசர், நல்ல நிலையில், நியாயமான விலைக்கு இருந்தது. கஜன் இங்கே பிறந்தவன், எஞ்சினியர், கெட்டிக்காரன். ஈமெயில் எல்லாம் அவன்தான் போட்டான்.

நான் கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டேன். நிறை எவ்வளவு, நீள அகலம் எவ்வளவு, எந்தக் கொன்ரெய்னர் பெட்டியில் அடங்கும், அங்கத்தைய கரண்டுக்குச் செய்த மோட்டர் இங்கே ஓடுமா, அடியில் வைக்கும் மரக்கட்டைகளில் பூச்சி போகச் சூடு காட்டிய முத்திரை இருக்கிறதா. அந்த முத்திரை இல்லாவிட்டால் கனடா கொன்ரெய்னரைத் திருப்பி அனுப்பிவிடும். சுங்கத்துக்கு என்ன எண் போடுவது என்றும் பார்த்தேன். பிறீசருக்கு ஒரு எண்தான். அதற்குள் முன்பு என்ன உறைந்தது என்று சுங்கம் கேட்பதில்லை. அதனால் நாங்களும் கேட்கவில்லை.

முன்பு ஒரு தடவை கழற்றி அனுப்பிய இயந்திரம் ஒன்று பாதி ஆணி இல்லாமல் வந்து பெரிய தலையிடி தந்திருந்தது. இந்த முறை ஆள் போய் நிற்க வேண்டும் என்று சிவம் அண்ணை முடிவெடுத்தார்.

"உம்மட ஊர்தானே, நீரே போட்டு வாரும்" என்றார்.

3. எந்த ஸ்காபரோ?

இத்தனை காலம் குரலால் மட்டும் பழகிய ஊரை அப்போதுதான் கண்ணால் பார்த்தேன். இங்கிலாந்து என்றால் சிவப்பு ரெலிபோன் பெட்டி என்று நினைத்துக்கொண்டு போனால், ஹல்லில் அது வெள்ளையாக, பாலாடை நிறத்தில் நிற்கிறது. ஆறு தேத்தண்ணி நிறம். கிரேன்களும் எண்ணெய்த் தாங்கிகளும் ஒரு பக்கம், காற்றாலை இறக்கைகள் வெள்ளைவெளேரென்று வரிசையாகப் படுத்திருப்பது மறுபக்கம். அழகான ஊர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வேலை செய்கிற ஊர். எனக்கு உடனே பிடித்துவிட்டது.

தொழிற்சாலை ஊரின் மேற்குப் பக்கத்தில் ஹெசில் வீதிக்குப் பின்னால் இருந்தது. கழற்றும் ஆட்களுக்குத் தலைவர் மல்கம். அறுபது வயது இருக்கும், கழுத்தே இல்லாத மனிதர். வணக்கம் சொல்வதற்கு "நவ் தென்" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வருவது மதியத்துக்குப் பிறகுதான். முதல் நாள் என்னைப் பார்த்து, எங்கேயிருந்து வந்திருக்கிறாய் என்று கேட்டார். நான் யோசிக்காமல், ரொறன்ரோவில் நான் இருக்கும் பகுதியின் பெயரைச் சொல்லி, ஸ்காபரோ என்றேன்.

"அப்படியா? என் தங்கச்சி அங்கேதான். எந்தத் தெரு?"

"மார்க்கமும் எல்ஸ்மியரும் சந்திக்கிற இடம்."

அவர் நெற்றியைச் சுருக்கினார். ஹல்லில் இருந்து வடக்கே கடற்கரையோடு போனால் அசல் ஸ்காபரோ என்று ஒரு ஊர் இருக்கிறது என்பதும், எங்களுடையது அதைப் பார்த்து வைத்த பெயர் என்பதும் எனக்கு அங்கே போய்த்தான் தெரிந்தது. மல்கம் நான் கனடா என்று விளங்கப்படுத்திய பிறகும் கொஞ்சம் சந்தேகமாகத்தான் பார்த்தார். பிறகு தன் ஆட்களிடம் என்னைக் காட்டி, இவ ஸ்காபரோ, ஆனால் தூரத்து ஸ்காபரோ என்று அறிமுகப்படுத்தினார்.

வேலையில் அவர்களைக் குறை சொல்ல ஏலாது. ஒவ்வொரு துண்டையும் கழற்றியதும் பெயின்ரால் அடையாளம் போட்டார்கள், ஆணிகளைத் தனித்தனிப் பையில் கட்டினார்கள், மரக்கட்டை ஒவ்வொன்றின் முத்திரையையும் எனக்குத் தெரியும்படி மேலே திருப்பி வைத்தார்கள். நான் பெண் என்றோ தமிழ் என்றோ யாரும் மூக்கைச் சுருக்கவில்லை. இரண்டாம் நாளே, தேத்தண்ணிக்கு எத்தனை சீனி என்று கேட்காமல் போட்டுத் தந்தார்கள்.

4. மதியச் சாப்பாடு

கொன்ரெய்னர்களில் ஏற்றத் தொடங்க வேண்டிய நாள் மதியம், மல்கம் எனக்குப் பக்கத்துக் கடையில் ‘பற்றி’ என்று அவர்கள் சொல்லும் சாப்பாட்டை வாங்கித் தந்தார். உருளைக்கிழங்கை மசித்து, ஏதோ மூலிகை இலை போட்டு, மாவில் தோய்த்துப் பொரித்து, பணிஸ் என்ற உருண்டை ரொட்டிக்குள் வைத்துத் தருவார்கள். எங்கள் உருளைக்கிழங்குப் போண்டாவேதான். பச்சை மிளகாயை மட்டும் மறந்துவிட்டார்கள். நான் அதைச் சொல்லிச் சிரித்தேன். எங்கள் கஸ்டமரும் இதைப்போலத்தான், உருளைக்கிழங்கு, கரட், லீக்ஸ் வைத்து ரோல்ஸ் செய்கிறவர், மரக்கறி மட்டும்தான், அதற்குத்தான் இந்தப் பிறீசர் என்றேன்.

மல்கம் மெல்லுவதை நிறுத்தினார்.

"மரக்கறியா? அந்தப் பெட்டிக்குள்ளா?"

"ஏன்?"

"அதை இங்கே பொருத்தின நாளில் நானும் நின்றேன். அதுக்குள்ளே ஹடக் மீனும் கொட் மீனும் தவிர ஒன்றும் போனதில்லை. இது மீன் தொழிற்சாலை அல்லவா? ஹல்லில் வேறென்னத்தை உறையவைப்பார்கள்?"

அவர் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. அந்த ஊர்க்காரருக்கு அது கேட்க வேண்டிய கேள்வியே இல்லை. வாசலில் பெயர்ப்பலகையைக் கழற்றியிருந்தார்கள், நிலத்தை மருந்து போட்டுக் கழுவியிருந்தார்கள், இணைய விளம்பரத்தில் உணவு என்று மட்டும் இருந்தது. சுங்கத்துக்குத் தேவையில்லை என்று நான் கேட்கவில்லை. ஊருக்கே தெரியும் என்று அவர்கள் சொல்லவில்லை. பரமேஸ்வரி அக்காவுக்கு மட்டும்தான் அது ஒரே கேள்வி. கையில் இருந்த மிச்சப் போண்டாவைக் கீழே வைத்தேன்.

மீன் என்ன குற்றம் செய்தது என்று மல்கம் கேட்டார். எங்கள் ஆட்கள் சிலர் மச்சம் பட்ட பாத்திரத்தில்கூடச் சமைக்க மாட்டார்கள், அந்த நம்பிக்கையில்தான் அந்த அம்மாவின் வியாபாரம் நடக்கிறது என்று சொன்னேன். அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். தன் அப்பா மீன் பிடிக்கக் கப்பலில் போகும் நாளில் தங்கள் வீட்டில் அம்மா உடுப்புத் தோய்க்க மாட்டா என்றார். தோய்த்தால் ஆள் திரும்பி வராது என்று இந்த வீதி முழுக்க நம்பினார்களாம். ஏன் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லையாம். பிறகு எழுந்து போய், ஏற்ற நின்ற ஃபோர்க்லிஃப்ட்டை நிற்பாட்டச் சொன்னார்.

5. மூன்று தொலைபேசி அழைப்புகள்

கொன்ரெய்னர் உள்ளே போகும் டொக் வாசல் அன்று பின்னேரம் பூட்டப்படும். மறுநாள் தண்ணீர் ஏறும்போது கப்பல் வெளிக்கிடும். ஐரோப்பாவில் பெரிய கப்பலுக்கு மாற்றி மொன்ரியலுக்குப் போக வேண்டிய சாமான் அது. இந்தக் கப்பலை விட்டால் தீபாவளியை விட்டது போலத்தான். ரொறன்ரோவில் அப்போது காலை. முதலில் கஜனுக்கு எடுத்தேன், அவன்தானே எங்களோடு பேசுகிறவன்.

"கஜன், உது மீன் பக்டரி. உமக்குத் தெரியுமோ?"

"ஹூ டோல்ட் யூ?" என்று கேட்டான். அதிலேயே எனக்கு விளங்கிவிட்டது.

"அன்ரி, லிசன். இட்ஸ் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். ஸ்டீம் போட்டு வொஷ் பண்ணுவம், பெல்ட்டை மாத்துவம், டண். அம்மாக்குச் சொல்லாதீங்கோ, ப்ளீஸ்."

"அவவின்ர குசினிக்குள்ள வைக்கிற சாமான். அவவுக்குச் சொல்லாமல் எப்பிடி?"

"இந்த ஓடர் போனா அம்மா உடைஞ்சு போயிடுவா. ட்வென்ரி இயர்ஸா நிண்டு செய்யிறா, அன்ரி. அவவுக்காகத்தான் நான் இதைச் செய்யிறன். ஐ ஸ்வேர்."

அவன் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே தாய்க்காகத்தான் செய்தான். அது தெரிந்ததால்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது. யோசித்துவிட்டு எடுக்கிறேன் என்று வைத்துவிட்டு சிவம் அண்ணைக்கு எடுத்தேன்.

"ஜெசி, நாங்கள் சாமான் ஏத்திறனாங்கள். சாமி கும்பிடுறது அவையின்ர வேலை" என்றார். "தாயும் மகனும் வீட்டுக்குள்ள என்னத்தை மறைச்சால் எங்களுக்கென்ன? கஜன் ஏத்தச் சொன்னால் ஏத்தும்."

"அண்ணை, பீ.எல்.லில ஆற்றை பேர் கிடக்கு?"

பீ.எல். என்பது கப்பல்காரன் தரும் பத்திரம். அதில் யாருடைய பெயர் இருக்கிறதோ, சாமான் இறங்கியதும் அவருடையது.

"தாயின்ர கொம்பனிப் பேர்."

"அப்ப என்ர கஸ்டமர் தாய்தான்."

"நீர் சொன்னால் அவ கான்சல் பண்ணுவா. பேந்து ஏத்திறதுக்கு ஒண்டும் இராது. விளங்குதோ?"

"விளங்குது அண்ணை. ஏத்தினாப் பிறகு அவ கேள்விப்பட்டால் எங்கட வாசலுக்குத்தான் வருவா. அதையும் யோசியுங்கோ."

அவர் பெருமூச்சு விட்டார். உம்மட இஷ்டம் என்று சொல்லவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. எனக்கு அது போதும். மூன்றாவது அழைப்பைப் பரமேஸ்வரி அக்காவுக்கு எடுத்தேன்.

"அக்கா, ஹல்லில இருந்து ஜெசி கதைக்கிறன்."

"சொல்லும் பிள்ளை. ஏத்தியாச்சோ?"

"இன்னும் இல்லை. ஏத்த முந்தி ஒண்டு சொல்லவேணும். இந்தப் பிறீசர் மீன் பக்டரியில நிண்டது. பொருத்தின நாளில இருந்து மீன்தான் போனதாம்."

பின்னால் மாவு குழைக்கும் இயந்திரத்தின் சத்தமும் பெண்கள் கதைக்கும் சத்தமும் கேட்டன. கொஞ்சத்தில் ஒரு கதவு சாத்துப்பட்டது. சத்தம் நின்றது. மணக்கிறதா என்று கேட்பார், கழுவலாமா என்று கேட்பார் என்று பதில்களை நான் அடுக்கி வைத்திருந்தேன்.

"கஜனுக்குத் தெரியுமோ?" என்று கேட்டார்.

தெரியாது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் தாய்க்கும் மகனுக்கும் நடுவில் ஒன்றும் வந்திருக்காது. வாய் வரைக்கும் வந்தது. ஆனால் உண்மை சொல்லத்தான் தொலைபேசி எடுத்தேன், பாதியைச் சொல்லிப் பாதியை விழுங்குவதென்றால் எடுக்காமலே இருந்திருக்கலாம்.

"ஓம் அக்கா. தெரியும்."

"ம்."

பிறகு, "நீர் எண்டால் என்ன செய்வீர்?" என்றார்.

"நான் மீன் சாப்பிடுறவள் அக்கா. என்னட்டைக் கேட்டுப் பிரியோசனம் இல்லை. வடிவாக் கழுவி, பெல்ட்டையும் மாத்தினால் ஹெல்த் இன்ஸ்பெக்டர் ஒண்டும் சொல்ல மாட்டார். உங்கட சனத்துக்கு நீங்கள் என்ன சொல்லுவியள் எண்டதை நீங்கள்தான் யோசிக்கவேணும்."

"எவ்வளவு நேரம் இருக்கு?"

"கேட் பின்னேரம் பூட்டுவாங்கள். உங்களுக்கு அது மத்தியானத்துக்கு முந்தி."

"சரி. எடுக்கிறன்" என்று வைத்துவிட்டார்.

மல்கத்தின் ஆட்கள் பலகைகளின் மேல் குந்தியிருந்து சிகரெட் பிடித்தார்கள். ஒருவரும் என்னை அவசரப்படுத்தவில்லை. ஒரு வீட்டைக் குழப்பிவிட்டேனோ என்று எனக்குப் பயமாக இருந்தது. செய்தது பிழை என்று மட்டும் ஒரு நிமிடமும் தோன்றவில்லை.

தேத்தண்ணி ஒரு சுற்று முடிந்து இரண்டாவது சுற்று வந்தபோது தொலைபேசி அடித்தது.

"ஏத்தும் பிள்ளை" என்றார் பரமேஸ்வரி அக்கா.

"ஏத்தவோ?"

"ஓம். ஆனா என்ர கொம்பனிப் பேருக்கு வேண்டாம். கஜன்ர சொந்தப் பேருக்கு மாத்தும்."

"மாத்தலாம் அக்கா, கப்பல் வெளிக்கிட முந்தி எண்டால் லேசு. ஆனா மாத்தினால் சாமான் அவன்ரை. பேந்து நீங்கள் உரிமை கேக்கேலாது."

"அதுக்குத்தானே சொல்லுறன். அவன் விரும்பி வேண்டின சாமான், அவனே வைச்சிருக்கட்டும். மீன் போட்ட பெட்டியில மீன் போட்டுப் பிழைக்கட்டும். என்ர குசினிக்குள்ள அது வராது."

"அப்ப சுப்பர்மார்க்கெட்?"

"அவையளோட நான் கதைக்கிறன். நீர் பேரை மாத்தும்."

குரலில் அழுகையும் இல்லை, கோபமும் இல்லை. எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது. பெயரை மாற்றும் வேலையை முடித்துவிட்டு மல்கத்துக்குக் கையைக் காட்டினேன். ஃபோர்க்லிஃப்ட் அசைந்தது. கடைசிக் கொன்ரெய்னர் வாசல் பூட்டுவதற்குச் சற்று முன்னால் உள்ளே போனது.

மறுநாள் தண்ணீர் ஏறியதும் டொக் கதவு திறந்தது. கப்பல் அந்தக் கதவுக்குள் இரண்டு பக்கமும் உரசுகிற மாதிரி நெருங்கி, மெல்ல மெல்ல ஆற்றுக்குப் போனதை நான் நின்று பார்த்தேன். மல்கம் கை தந்து, தூரத்து ஸ்காபரோவுக்குப் பத்திரமாகப் போ என்றார்.

6. கையெழுத்து

கொன்ரெய்னர்கள் மொன்ரியலில் இறங்கி ரயிலில் எங்கள் பக்கத்துப் பிராம்ப்டனுக்கு வந்தன. கையெழுத்துப் போடக் கஜன் வந்தான். அன்ரி என்று கூப்பிடும் பிள்ளை என்னை மிஸ் என்று கூப்பிட்டான். தாயையும் மகனையும் பிரிச்சுப்போட்டீர் என்று சிவம் அண்ணை வேறு சொன்னார். கஜன் போன பிறகு கழிவறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

பரமேஸ்வரி அக்கா சுப்பர்மார்க்கெட்காரரிடம் போய், எல்லாக் கடைக்கும் தர என்னால் ஏலாது என்று நேரே சொல்லிவிட்டார். அவர்கள் சில கடைகளை மட்டும் கொடுத்தார்கள். அந்த ஓடரை நம்பிக் கூட்டிக் கொடுத்திருந்த வேலைநேரம் அங்கே இரண்டு மூன்று பெண்களுக்குக் குறைந்தது. எனக்குத் தெரிந்த ஒருத்தி கடையில் என்னைக் கண்டு முகத்தைத் திருப்பினாள். உண்மை சொன்னால் எல்லோரும் பூமாலை போடுவார்கள் என்று நினைத்து யாரும் இந்த வேலைக்கு வர வேண்டாம்.

கஜன் அந்தப் பிறீசரை ஒரு வருடம் சும்மா வைத்திருந்தான். பிறகு ஸ்காபரோவின் ரூஜ் பக்கத்தில் தன் சிநேகிதனுடைய கட்டடத்தில் பொருத்தி, மீன் கட்லற்றும் மீன் ரோல்ஸும் தொடங்கினான். சொந்தப் பெயரில் செய்தான், தாயின் பெயரை எங்கேயும் பாவிக்கவில்லை. முதலில் தடுமாறினான், இப்போது பிடித்துவிட்டான். நேரம் குறைந்த பெண்கள் இப்போது மிச்ச நேரத்துக்கு அவனிடம் போகிறார்கள். மகனிடம் வேலை முடித்து வருகிறவர்கள் தாயின் கூடத்துக்குள் போகுமுன் உடுப்பு மாற்ற வேண்டும் என்று சட்டம். பரமேஸ்வரி அக்கா அவனுடைய கட்டடத்துக்கு ஒரு நாளும் போனதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் தாய் வீட்டில்தான் சாப்பிடுகிறான் என்று கேள்வி.

போன வருடம் அவர் எங்கள் ஒஃபிஸுக்கு வந்தார். இந்த முறை இத்தாலியில் இருந்து புத்தம் புதிய பிறீசர், ஒருவரும் பாவிக்காதது. பத்திரத்தில் கையெழுத்துப் போட வந்தவரிடம் சிவம் அண்ணை, சும்மா இருக்க மாட்டாமல், "கஜன் எப்பிடி அக்கா?" என்று கேட்டார்.

"நல்லாச் செய்யிறான்" என்றார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். "அவன் எனக்கு மறைச்சவன். மன்னிச்சிட்டன். பெத்தனான், வேற என்ன செய்யிறது? ஆனா நீர் மறைச்சிருந்தால் நான் உம்மை மன்னிச்சிருக்க மாட்டன் பிள்ளை. உம்மை நான் பெறேல்லை."

அதைச் சிரிக்காமல்தான் சொன்னார். சிவம் அண்ணை பேனையை எடுத்து நீட்டினார், அவர் கையெழுத்துப் போட்டார்.

இந்த வருடத்தோடு நான் மேசையை விடுகிறேன். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு எடையும் அளவும் எப்படிப் பார்ப்பது என்று சொல்லித்தர வேறு ஆட்கள் இருக்கிறார்கள். எனக்குச் சொல்ல இருப்பது இவ்வளவுதான். ஒரு வீட்டுக்காரர் ஒருவருக்கொருவர் எதையும் மறைக்கலாம், பிறகு சண்டை பிடிக்கலாம், சமாதானமாகலாம். அதற்கு அவர்களுக்கு வாழ்நாள் முழுவதும் இருக்கிறது. எங்களுக்குக் கப்பல் வெளிக்கிடும் வரைதான் நேரம்.